இரண்டு ஜாடி

ஒன்றில் வெறும் தண்ணீர்.
மற்றதில் தண்ணீரோடு
கண்ணாடிக் குச்சியின் நுனியில் ஒட்டிவந்த
வாழைப்பழ எண்ணெய்.
பெயர்தான் எண்ணெய்.
எந்தத் தாரையும் பிழிந்து எடுத்ததில்லை.
டின்னின் முதுகில் சிவப்புச் சாய்சதுரம்,
அதற்குள் ஒரு தீ,
அடியில் ஓர் எண்: இருபத்தைந்து டிகிரி.
அந்தச் சூடு போதும், இதன் ஆவி பற்றிக்கொள்ள.
கங்கைகொண்டானில்
கார்த்திகை மழை கொட்டும்போதும்
எங்கள் ஷெட்டு இருபத்தெட்டு.

சொல்லித்தான் வைத்திருக்கிறேன்.
டிரம்மிலிருந்து வாளிக்கு ஊற்றும்போது
இரண்டையும் செம்புக் கம்பியால் சேர்த்துக் கட்டு.
நைலான் சேலை கட்டி வராதே.
இதன் ஆவி மேலே போகாது, கனம்;
மோப்பம் பிடித்த நாய்போலத் தரையோடு தரையாய்ப் போய்
டீ போடுகிற அடுப்பைக் கண்டுபிடித்துவிடும்.
தலையாட்டுவார்கள்.
நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால்
கம்பி ஆணியில் தொங்கும்.

இன்று முகமூடிப் பரிசோதனை.
மாட்டிக்கொண்டு பாலித்தீன் கூண்டுக்குள் நிற்க வேண்டும்.
எண்ணெயில் நனைத்த காகிதத்தை உள்ளே தொங்கவிடுவேன்.
பழம் மணந்தால் முகமூடியில் ஓட்டை.

சொரிமுத்து மாலை போட்டிருக்கிறான்.
இருபது நாள் தாடி;
ரப்பர் விளிம்பு கன்னத்தில் உட்காரவே இல்லை.
“மணக்கு சாமி” என்றான், கூண்டுக்குள் நுழைந்ததுமே.
மகர விளக்கு முடியட்டும் சாமி,
அதுவரை பேக்கிங்கில் நில்லுங்க என்றேன்.
சிரித்துக்கொண்டே போனான்.

கூண்டுக்கு முன்னால் மூக்கைச் சோதிக்க வேண்டும்.
அதற்குத்தான் ஜாடிகள்.

மூக்கம்மாள் வந்தாள்.
மூத்தது இரண்டும் தங்கவில்லை என்று
பிறந்த பதினாறாம் நாள் மூக்குக் குத்தி வைத்த பெயர்.
களக்காட்டுக்காரி.
அப்பன் ஏத்தன் வாழை போட்டவர்.
காய்த்தாரை முகர்ந்து
“வெள்ளிக்கிழமை பழுத்துரும்” என்பாளாம்,
பத்து வயதில்.
பெயின்ட் அடிக்கிற பூத்தில் இப்போது ஒன்பது வருஷம்.

குலுக்கினாள். திறந்தாள். முகர்ந்தாள்.
வலது ஜாடி என்றாள்.
சரிதான்.
ஆனால் அவள் பார்த்தது ஜாடியை அல்ல,
எந்த மூடியை நான் இறுக்கி மூடியிருந்தேன் என்பதை.
முதுகைக் காட்டி நின்று மாற்றி வைத்தேன்.
இந்த முறை நெடுநேரம்.
இடது, என்றாள்.

அது தண்ணீர்.

“இன்னொரு மட்டம் வையுங்க சார்.”
வைத்தேன்.
இரண்டையும் மாறி மாறி முகர்ந்தாள்.
மூக்குத்தியில் ஜாடி விளிம்பு தட்டி
டிக் என்றது.
“ரெண்டும் பச்சத்தண்ணிதான சார்?
வெளையாடுதியளோ?”

என் சட்டை முழுக்கப் பழ வாசம்.
மேஜை, ரிஜிஸ்டர், டீ கிளாஸ் எல்லாம்.
காற்று இந்தப் பக்கமிருந்து அடித்தால்
சரணாலயத்துப் புள்ளிமான்கள்கூட
வேலியோரத்து மேய்ச்சலை விட்டுத் தள்ளிப் போய்விடும்.

“பால் அடிப்பிடிச்சா
பக்கத்து வீட்டுக்காரிதான் கூப்பிட்டுச் சொல்லுதா.
சளின்னுல்லா இருந்தேன்.”

படிவத்தில் முகமூடிக்குக் கட்டம் இருக்கிறது.
சரி, தவறு.
மூக்குக்கு ஒன்றும் இல்லை;
ஓரத்தில் எழுதலாம், இடம் இருந்தால்.

வீட்டில் கேஸ் அடுப்பா என்று கேட்டேன்.
ஆமா என்றாள்.
ராத்திரி ரெகுலேட்டரை மறக்காமல் மூடு,
காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்
ஜன்னலைத் திற,
மகளை முகர்ந்து பார்க்கச் சொல்.
நாளைக்கே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
மூக்கு டாக்டரைப் பார்.

“அதெல்லாம் பாத்துக்கிடுதேன் சார்.
திங்கக்கிழம வேலைக்கு வரலாமா?
என்னன்னு எழுதுதிய?”

பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.
வெளியே கம்ப்ரஸர் நின்றது.
கொஞ்ச நேரமாக
எனக்கும் அந்த மணம் இல்லை.
யாரோ ஜாடியை மூடிவிட்டார்கள் போலும்
என்று திரும்பிப் பார்த்தேன்.

திறந்துதான் இருந்தது.