மண் இல்லை, விதை இல்லை

பெட்ரோல் இல்லை. எழுதியாயிற்று.
பேட்டரியைக் கழற்றி முனைகளில் நாடா சுற்றியாயிற்று.
டயர்களில் பாதிக் காற்று.
மண் இல்லை, விதை இல்லை, பூச்சி இல்லை
என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனா கொஞ்சம் நின்றது.

ஒஸ்ட்ராவாவில் மூன்று நாளாக மழை.
டிராம் பணிமனையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து
பழைய பல் பிரஷ்ஷால்
ஜாவாவின் சங்கிலி உறைக்குள் தேய்க்கிறேன்.
நியூசிலாந்துக்காரர்களுக்கு அடுத்தவன் மண் ஆகாதாம்.
ஒரு புல்விதை போதும்,
வந்த கப்பலிலேயே திருப்பிவிடுவார்கள்
என்கிறான் ஏஜெண்ட் ராடோவான்.
அவன் சொல்வதில் பாதியைக் கழித்துவிட வேண்டும்.
எந்தப் பாதி என்பதுதான் தெரியாது.

மட்கார்டு மடிப்பிலிருந்து
பெஸ்கிடி மலைச் சேறு
செங்கல்லாகக் காய்ந்து உதிர்ந்தது.
எந்த வருஷத்துச் சேறு,
பின்னால் அன்று யார் உட்கார்ந்திருந்தது,
ஞாபகம் வருமோ என்று கொஞ்சம் காத்திருந்தேன்.
வரவில்லை.
சேறு சேறாகவே வாளியில் கரைந்தது.

வாங்கியவர் பெயர் லாக்லன். ஊர் டிமாரு.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.
பணம் முழுசாக வந்துவிட்டது,
புதுக் கொதிகலனுக்கு நானும் முன்பணம் கட்டிவிட்டேன்.
அப்புறம்தான் கேட்டார், தயங்கித் தயங்கி:
ஒரே ஒரு தடவை சத்தம் கேட்கலாமா?

டேங்க் காலி என்று சொல்லியிருக்கலாம்.
எழுத்திலேயே இருக்கிறது.
புல் வெட்டும் இயந்திரத்துக்கு வைத்திருந்ததில்
ஒரு காபிக் கோப்பை ஊற்றினேன்.
மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது.
போனைப் புகைக்குழாய் அருகே நீட்டினேன்.
இங்கே மாலை நான்கு. அங்கே இரவு இரண்டு.
வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள்
என்று அவர் கிசுகிசுக்க,
என்ன, என்ன என்று நான் கத்த,
யார் பேச்சும் யாருக்கும் விளங்காமல்
கோப்பை தீரும்வரை அது மட்டும் பேசியது.
பிறகு இருமிவிட்டு நின்றது.
மறுபடியும் டேங்கைத் துடைத்தேன்.

பெட்டி அடிக்க ஓல்ட்ரிஷ் வந்தான்.
மரத்தையும் சூடு காட்டி முத்திரை குத்தியிருந்தார்கள்,
வண்டு எதுவும் ஒளிந்துகொண்டு போகாதபடி.
கைப்பிடியைக் கழற்றி டேங்க்மேல் படுக்கவைத்தோம்,
முன்சக்கரத்தைக் கழற்றிப் பக்கத்தில் செருகினோம்.
நீளம் அகலம் உயரம் அளந்துவிட்டு
இன்னும் பத்து சென்டிமீட்டர் குறை என்றான்.
கன மீட்டருக்குத்தான் காசு.
கனத்துக்கு இல்லை.

நான் கடல் பார்த்ததில்லை.
எங்கள் நாட்டுக்கு எந்தப் பக்கமும் அது கிடையாது.
ஹாம்பர்க்குக்கு அப்பால் கப்பல்
திரையில் ஒரு பச்சை அம்பு.
இடைவேளைகளில் பார்ப்பேன்.
கடைசி நிறுத்தத்தில் டிராமைத் திருப்பும்முன்
நான்கு நிமிடம் கிடைக்கும்,
அம்பு அந்த நான்கு நிமிடத்தில் நகராது.

ஆப்பிரிக்காவைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தபோது
மழைக்கோட்டின் உள்பையில்
டிராம் சீட்டுத் துணுக்குகளோடு
சாவி.
பட்டியலை எடுத்துப் பார்த்தேன்.
ஏழாவது வரி: சாவி, ஒன்று.
கீழே என் கையெழுத்து, போஹ்தானா ஹ்ருஷ்கோவா,
நல்ல தெளிவாக.

மன்னிப்புக் கடிதத்தை நாலு தடவை எழுதினேன்.
பதிலே இல்லை.
ஆறாவது வாரம் ஒரு படம் வந்தது:
சாவித்துளையில் வளைந்த ஓர் ஆணி,
விளக்கு எரிகிறது.
இந்த வண்டிக்கு எந்த ஆணியும் போதுமே,
உங்களுக்குத் தெரியாதா? என்று கேட்டிருந்தார்.
தெரியாது.
இருபத்திரண்டு வருஷம்
ராத்திரி எழுந்து போய்ப்
பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருவேன்.

கூடவே இன்னொரு வரி.
இருக்கை ஸ்பிரிங்குக்குள் ஓட்ஸ் விதை ஒன்று இருந்ததாம்,
அதிகாரி இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டாராம்,
தொண்ணூறு டாலர் கட்டணம்.
பாதியை நான் தருகிறேன் என்று எழுதி
அனுப்புவதற்குமுன் அழித்தேன்.

கொதிகலன் நன்றாக வேலை செய்கிறது.
ரேடியேட்டரில் காற்று அடைத்துக்கொண்டால்
திருகைத் திறக்க அந்தச் சாவிதான்.
அளவாகப் பொருந்துகிறது.