முதல் கயிறு

துலூத் நகரில் ஜனவரி.
ஏரி இறுகிவிட்டது. தாதுக் கப்பல்கள்
மார்ச் வரை துறையில் கட்டிக் கிடக்கும்.
அதனால்தான் கர்ட் நீமிக்குச்
செவ்வாய்க்கிழமைகள் கிடைத்தன.

மாலைக் கல்லூரி, அறை 214.
வந்ததும் குழல்விளக்கை அணைப்பேன்.
அதன் ரீங்காரம் எனக்குக் கேட்பதில்லை.
பா ஹுவாவுக்கு அதைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.
டெஸ்ஸா நாற்காலியில் உட்காரமாட்டாள்.
ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து,
ஒரு காலை மறு காலால் தேய்த்தபடி
நின்றே எழுதுவாள்.
எழுதட்டும்.

பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்தது:
மஞ்சள் அட்டை முன்னுரை,
நீலம் சான்று,
பச்சை முடிவுரை.
கர்ட் அவற்றைச் சீட்டுக்கட்டாய்க் கலைத்துப் போட்டார்.
"இதில் துருப்பு எது?"
நாற்பத்தேழு வயது. என்னைவிடப் பதினெட்டு மூத்தவர்.
மூன்று வாரத்தில் அவர் எழுதியது
பெயர், தேதி,
பிறகு
"நான் நினைப்பது என்னவென்றால்".

வாயைத் திறந்தாலோ
கப்பல் ஒன்று தரைதட்டும்,
சமையல்காரன் சூப்பைக் கொட்டுவான்,
நடுவில் மகளின் பல் டாக்டர் வருவார்,
டாக்டரின் பில்லிலிருந்து டீசல் விலை,
டீசலிலிருந்து மறுபடி கப்பல்,
அதே சூப், இன்னும் சூடாக.
எதுவும் தொலையவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.
உரை இருந்தது.
கட்டுத்தான் இல்லை.

கப்பலைக் கரையில் எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டேன்.
உத்தி ஒன்றுமில்லை, வேறு வழி தெரியவில்லை.
எழுந்தார்.
என் மேசை கரையானது,
டெஸ்ஸாவின் கழுத்துத்துணி வடமானது.
"எல்லாவற்றையும் ஒரேயடியாய் எறிந்தால் கை போய்விடும்.
முதலில் ஒரு கயிறு.
அது இழுவை தாங்குகிறதா, பார்.
அப்புறம்தான் அடுத்தது."
அப்படியே எழுதுங்கள், முதல் கயிற்றை மட்டும், என்றேன்
ஜெயித்துவிட்ட முகத்தோடு.
இரண்டு நொடி என்னைப் பார்த்தார்.
"அது கயிறு. இது தாள்."

அன்றிரவு வாகன நிறுத்தத்தில்
கார்க் கண்ணாடியின் பனியைச் சுரண்டிக்கொண்டே
என் உவமையை நானே திட்டினேன்.

அடுத்த வாரம் பா ஹுவா, யாரும் கேட்காமலே,
கைபேசியில் பதிந்திருந்த அவர் பேச்சைத்
தட்டச்சு செய்து கொண்டுவந்தாள்.
ஒன்பது பக்கம். கூடவே ஒரு கத்தரிக்கோல்.
வாக்கியம் வாக்கியமாய் நறுக்கித்
தாழ்வாரத் தரையில் பரப்பினோம்,
காபி இயந்திரத்திலிருந்து கழிப்பறைக் கதவு வரை.
கர்ட் தம் பேச்சின் மேல் நடந்தார்.
குனிந்தார், எடுத்தார், வேறிடத்தில் வைத்தார்,
திரும்பி வந்து பழைய இடத்துக்கே மாற்றினார்.
துப்புரவு வண்டி வந்தபோது
வழிவிடச் சொல்லாமல் அந்தப் பெண்ணும் நின்று
இரண்டு வரி படித்தாள்.
கொட்டிய சூப்பை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார்.
என் மஞ்சள் அட்டைக்கு அது ஒப்பாது.
பல் டாக்டரை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"இது வேறொரு கட்டுரை."

பிறகும் சுலபமில்லை.
ஒரு பத்தி வர நான்கு மாலைகள்.
துறைமுகம் என்ற சொல் மூன்று விதமாய் இருந்தது,
மூன்றும் தவறு.
என் பேனா இரண்டு முறை அதன்மேல் போய்
இரண்டு முறை திரும்பியது.

மார்ச் கடைசியில் மதகுகள் திறந்தன.
கர்ட் போய்விட்டார்.
கட்டுரையில் முடிவுரை இல்லை,
கடைசி வரிக்கு முற்றுப்புள்ளியும் இல்லை.
மதிப்பெண் படிவம் என் முன்னால்:
முடிவுரைக்கு ஐந்து.
அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தபடி இருந்தேன்.

வெளியே தூக்குப்பாலம் மேலேறியது.
கப்பல் ஊதியது.
மூன்று நெடில், இரண்டு குறில்.
பாலம் அதே அளவில் பதில் சொன்னது.
பா ஹுவா காதுகளைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜன்னலில் டெஸ்ஸா,
எழுதுவதை நிறுத்தாமல், திரும்பாமல்,
கேட்டாள்:
"ஆமாம், அந்தப் பல் டாக்டர் என்னதான் செய்தார்?"