விலக்குள்ள வருமானம்

ஜூலை முப்பது. பெட்போர்டில் மழை விடவில்லை.
வரிப் படிவம் பாதி திறந்து
சுற்றிக்கொண்டே நிற்கிறது.
எதிரே ஜோகி,
இலை வாட்டும் பிரிவில் இருபத்திரண்டு வருடம்.
என் தரை நனையக் கூடாதென்று
குடையை மடியில் வைத்திருக்கிறார்.

பி.எஃப்.பிலிருந்து மருத்துவத்துக்கு எடுத்தது
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
"அது வருமானமா, மேடம்?"
வரி கிடையாது, ஆனால் காட்டிவிடுவோம்,
விலக்குள்ள வருமானம் என்று ஒரு கட்டம் இருக்கிறது என்றேன்.
அந்தச் சொல்லைத் தண்ணீர் இல்லாமல் போட்ட மாத்திரையாக
நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.
"எங்கே வந்தது?
வந்த அன்றே மலை இறங்கிவிட்டது."

பிளாஸ்டிக் பையிலிருந்து கோயம்புத்தூர் வெளியே வருகிறது:
ஸ்கேன், மூன்று யூனிட் ரத்தம்,
வராந்தாவில் படுக்கப் பாய் வாடகை முப்பது.
ரசீது இணைக்கத் தேவையில்லை என்கிறேன்.
கேட்காமல் தேதிவாரியாக அடுக்குகிறார்.

அடியில் இரண்டு ரயில் சீட்டு.
மேட்டுப்பாளையம், குன்னூர். முதல் வகுப்பு.

"டிஸ்சார்ஜ் அன்று ருக்கி பஸ் வேண்டாம் என்றாள்.
தையல் போட்ட வயிறு, வளைவு தாங்காதாம்.
அது மட்டும் இல்லை, மேடம்.
கல்யாணமாகி வந்ததிலிருந்து
கேட் போட்டால் நின்று நின்று பார்த்த வண்டி.
ஒருதடவை உள்ளே உட்கார்ந்து
கேட்டில் நிற்கிறவர்களைப் பார்க்கணுமாம்."

லாட்ஜ் ஒரு ராத்திரி,
இஞ்சின் தண்ணீர் குடித்த இடத்தில் வடை,
எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
"நோய்க்கென்று எழுதிக் கொடுத்து எடுத்த காசு.
இதை எங்கே காட்டுவது?"

இல்லை என்று தெரிந்தும்
படிவத்தைக் கடைசிவரை உருட்டிப் பார்த்தேன்.
வெளிநாட்டுச் சொத்துக்கு இடம் இருக்கிறது.
குதிரைப் பந்தயத்துக்கு இருக்கிறது.

"அவங்க என்ன சொன்னாங்க, உள்ளேயிருந்து பார்த்து?"
"கேட்டில் நிற்கிறவங்க எல்லாருக்கும் கை காட்டினாள்.
ஒரு ஆள்கூடத் திருப்பிக் காட்டலை.
'நானும் இப்படித்தான் நின்றிருக்கேன் பார்' என்றாள்."

சீட்டுகளை அவர் பக்கமே தள்ளினேன்.
பிறகு ஓ.டி.பி.
அவருடைய போன் பட்டறையில் விழுந்து செத்துவிட்டது,
ஆதாரில் இருப்பது ருக்கியின் எண்.
ஸ்பீக்கரில் போட்டார்.

நாலு. ஒன்பது. பொறு, கண்ணாடி எடுக்கிறேன்.
ஒன்பதா, ஏழா... குடை கொண்டு போனியா?
அந்த மேடத்துக்கு ரயில் கதையும் சொல்லிட்டியா?

நேரம் முடிந்தது என்கிறது திரை.
மறுபடி அனுப்பு.
அழுத்துகிறேன்.