பதினேழாம் கம்பி

பேருந்து நின்றுவிடும் ஊருக்கு அப்பாலும்
ஒன்பது கிலோமீட்டர் இருந்தது அல்மோஹார்.
ஏற்றத்தில் வாடகைக் கார் மூச்சிரைத்தது.
ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்,
வாய்க்குள் சுண்ணாம்பு ருசி.

இரு பக்கமும் இருந்தது மலை இல்லை,
மலை கரைந்து போனபின் நின்ற மிச்சம்.
யானைத் தோல் மடிப்பு என்று குறித்தேன்,
இந்த வெயிலில் யானை எதற்கென்று
அடித்துவிட்டேன்.

என் வேலை எளியது.
நாலு வருடம் முன்பு யாரோ சரிவில் அறைந்துவிட்டுப் போன
நாற்பது இரும்புக் கம்பிகள்.
மண் இறங்க இறங்கக் கம்பி வெளியே நீளும்.
எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்கவேண்டும்,
எழுதவேண்டும், போய்விடவேண்டும்.
ஒன்று: இருபத்திரண்டு.
இரண்டு: பத்தொன்பது.
ஆறாவதின் நிழலில் ஒரு பல்லி,
அது எழுந்து போகும்வரை காத்திருந்தேன்.
பதினாறு வரை இருந்தது.
பதினேழு இல்லை.
குழிகூட இல்லை. வரைபடத்தில் சரிவு இருந்த இடத்தில்
காற்று இருந்தது.

கீழே காஸ்தோ, முப்பது ஆடுகள்,
ஒரு காதில் மட்டும் பாட்டு.
"மண்ணை எண்ண வந்தவள் நீதானா?"
ஆமென்றேன்.
"எண்ணி முடித்தபின் திருப்பி வைத்துவிடுவீர்களா?"
சிரிக்காமல் கேட்டான்.
கம்பியைப் பற்றி ஓப்துலியாவைக் கேள் என்றான்.

ஊர் மண்ணுக்குள் இருந்தது.
வெள்ளையடித்த புகைபோக்கிகள் மட்டும் வெளியே.
ஒன்றின் பக்கத்தில் காரை நிறுத்தினேன்,
யாருடைய சமையலறையின் தலைமேலோ.

பதினொன்றரைக்கு ஹாரன் அடித்தது.
குன்று கதவுகளைத் திறந்தது;
பிளாஸ்டிக் பைகளோடு பெண்கள், செருப்பில்லாத ஒரு பையன்,
வீட்டு அங்கியோடு தபால்காரர்.
செவ்வாய்க்கிழமை மீன் வண்டி.
ஓட்டி வருகிறவள் பெயர் நியேவெஸ்,
அவர்கள் மொழியில் பனி.
பிப்ரவரிக்குப் பின் மழை காணாத ஊருக்குள்
ஐஸ் பெட்டிகளோடு இறங்கினாள்.

ஓப்துலியா வீட்டு வாசல் சுவரில்
விரல்நகம் அளவுச் சிப்பிகள்.
யாரும் ஒட்டவில்லை, மண்ணிலேயே இருந்தன.
கடல் போய்விட்டது,
மீன் வந்துகொண்டுதான் இருக்கிறது,
இப்போது கிலோ ஆறு யூரோவுக்கு.

இந்த மாதிரி நிலத்துக்குப் பாலை என்போம் நாங்கள்.
அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால்
யாராவது யாரையாவது பிரிந்தாகவேண்டும்.
வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன்.
யாரும் பிரிவதாயில்லை.
அரைக் கிலோ மத்திக்காக
முன்னே பின்னே நகர்வதாகவும் இல்லை.

உள்ளே அடுப்பில் ஏழு மத்திகள்
ஒரே கம்பியில் கோத்துக் கிடந்தன.
கம்பியின் முனையில்
புகையேறிக் கருத்த எண் தகடு.
நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"திருடவில்லை. அதுவே வந்தது.
பிப்ரவரியில் ஒரு மழை, ஒரே மழை, இரண்டு மணிநேரம்.
சரிவு பாதி இறங்கி என் கதவைத் தட்டியது.
மூன்று நாள் வாரிக் கொட்டினேன்.
கடைசியில் இது."

பதினேழுக்கு நேரே கோடு போட்டேன்.
கோடு என்றால் அளவு கிடைக்கவில்லை என்று பொருள்.
இழப்பு இல்லை என்று அலுவலகத்தில் படிப்பார்கள்.
இரண்டு மணிநேரம், ஒரு கதவு, மூன்று நாள் வாரல்:
இவற்றை எழுதக் கட்டம் இல்லை.

சாப்பிடச் சொன்னாள். முள் எடுக்கத் தெரியாது என்று நினைத்து
எடுத்தும் காட்டினாள். பார்த்துக்கொண்டேன்.
"இன்னொன்று இருக்கிறதா? இதில் ஏழுதான் நிற்கிறது."
பையில் மாற்றுக் கம்பிகள் ஆறு இருந்தன,
கையெழுத்திட்டு வாங்கியவை.
எண் போடாத ஒன்றை எடுத்து
சட்டையில் துடைத்துக் கொடுத்தேன்.

மதியத்துக்குப் பிறகு
பதினெட்டு: முப்பத்தொன்று என்று எழுதினேன்.
விரலில் மீன் எண்ணெய்.
அந்த இடத்தில் மட்டும் தாள் கண்ணாடியாகி
அடுத்த பக்கத்தின் வெற்றுக் கட்டங்கள்
இப்போதே தெரிந்தன.