ஈரக் கணக்கு

வெறுங் கிண்ணத்தைத் தராசில் வைத்துப்
பொத்தானை அழுத்துகிறேன்.
கிண்ணம் தன் கனத்தை மறந்து பூச்சியமாகிறது.
இனி ஏறுவதெல்லாம் தண்ணீர்.

நூறு மில்லிலீற்றர் என்றால் நூறு கிராம்.
நல்லெண்ணெய் இப்படியில்லை, குறைத்துச் சொல்லும்.
பால் ஒரு சொட்டுக் கூட்டிச் சொல்லும்.
முகந்தாலும் நிறுத்தாலும்
ஒரே சொல் சொல்வது தண்ணீர்தான்.
கொதிக்கிற லீற்றரில் நாற்பது கிராம் குறையுமென்று
ஒருநாள் திருத்தினீர்கள், பழைய இரசாயன வாத்தியார்.
குறையட்டும்.
உங்களுக்கு இந்த வருத்தம் வந்தபின்
குறைகிற எதுவும் எனக்கு லாபம்.

நாளொன்றுக்கு எண்ணூறு.
குளிசைகளுக்கு அறுபது, காலைத் தேத்தண்ணி நூற்றைம்பது,
பின்னேரம் அதே கோப்பையில் அதே நூற்றைம்பது.
ஐஸ்கட்டி ஒன்று பதினெட்டு.
சூப்பினால் அரைமணி தாங்கும் என்றீர்கள்,
ஏழாம் நிமிடத்தில் நொறுங்குகிற சத்தம் வந்தது.
நேற்று ரசம்:
வைத்தபோது சட்டியோடு நிறுத்தேன்,
இறக்கியபோதும் நிறுத்தேன்.
எழுபது கிராம் காணவில்லை.
குசினி ஜன்னலில் அது வழிந்துகொண்டிருந்தது.
கழித்து எழுதினேன்.

சோறுதான் கள்ளன்.
நூற்றைம்பது கிராம் அரிசி உலைக்குள் போனது,
வடித்தெடுத்தால் நானூறு.
நடுவில் வந்த இருநூற்றைம்பது
நனையாத முகத்தோடு
தட்டில் குவிந்திருக்கிறது.
"சோற்றையெல்லாம் எண்ண வேண்டாம்" என்கிறாள் தாதி ஹைக்கே.
அவளுடைய தராசு எண்ணுகிறதே.

திங்கள், புதன், வெள்ளி.
சப்பாத்தைக் கழற்றி, ஜாக்கெட்டைக் கழற்றி
ஏறி நிற்கிறீர்கள்.
கூடிய கிலோதான் கூடிய லீற்றர்.
நாலரை மணிநேரம் இயந்திரம்
நான் ஊற்றியதையெல்லாம்
உங்களிடம் திரும்பக் கேட்கும்.

இன்று நானூறு அதிகம்.
கொப்பியைப் புரட்டினேன், கூட்டினேன், திரும்பக் கூட்டினேன்.
இரவு குளியலறைக் குழாய் ஒருதரம் இருமியது
எனக்குக் கேட்டதுதான்.
ஊருக்கெல்லாம் தண்ணி காட்டலாம்,
நிறுக்கிறவளுக்குமா?
கேட்க வாயெடுத்தேன்.
வெளியே வுப்பர்டாலில் வழக்கம்போல மழை.
ஆற்றுக்கு மேலே தொங்கிப் போகும் ரயிலில்
எதிரே இருந்த பையன் ஒரு போத்தல் முழுவதையும்
அண்ணாந்து குடித்து முடித்தான்.
உங்கள் தொண்டைக்குழி
அவனோடு சேர்ந்து ஏறி இறங்கியது.
நான் குனிந்து ஆற்றைப் பார்த்தேன்.
எத்தனை கிலோ ஓடுகிறது,
யாரும் கொப்பியில் எழுதாமல்.

வீடு வந்து உலை வைக்கவில்லை.
பாணை ஓரம் கருகும்வரை வாட்டினேன்,
கத்தரிக்காயை வெதுப்பிக்குள் சுருங்கவிட்டேன்.
"சோறில்லையா, யோகமலர்?"
"சோற்றை இதில் ஊற்றியிருக்கிறேன்" என்று
கண்ணாடிக் குவளையை முன்னால் வைத்தேன்.
இருநூறு. குளிர்ந்தது. விளிம்புவரை.
நிறுக்காமல் ஊற்றினேன் என்று நினைக்க வேண்டாம்.

நீங்கள் தராசைப் பார்த்தீர்கள், பிறகு என்னை.
பாண் ஆறிக்கொண்டிருந்தது.
முதல் மிடறை விழுங்காமல்
வெகுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தீர்கள்,
கன்னம் இரண்டும் உப்பி.