மூன்று பவுண்டு

டுலூத் தபால் நிலையத்திலிருந்து
காலை ஆறு மணிக்கு அழைப்பு:
"உங்க பெட்டி உறுமுது. சீக்கிரம் வாங்க."

காரில் அதற்கும் சீட்பெல்ட் போட்டேன்.
பத்தாயிரம் உயிர்,
மூன்று பவுண்டு எடை.
அக்கா மகள் குறைமாதத்தில் பிறந்த எடை.

தோட்டத்தில் இன்னும் பனித்திட்டு.
புகைப்பான் இரண்டு முறை அணைந்தது.
வீடியோவில் அந்த ஆள் இவ்வளவு இருமவில்லை.

ராணியின் கூண்டு தீப்பெட்டி அளவு.
தக்கையைப் பிடுங்கக் கையுறை இடம் தரவில்லை.
கழற்றினேன்.

கட்டைவிரலில் ஒன்று
கொடுக்கை விட்டு, குடலையும் விட்டு
புல்லில் விழுந்தது.
மன்னிப்புக் கேட்கத் தமிழ்தான் வந்தது.

இனி நாலு நாள் திறக்கக் கூடாது.
சர்க்கரை அடைப்பைக் கடித்துத்தான்
அவளை வெளியே எடுக்குமாம்.

ஆபீஸில், வீங்கிய விரலால்
ஸ்பேஸ் பாரைத் தட்டுகிறேன்:
இன்னும் ஒரு கடி.
இன்னும் ஒரு கடி.