சிறகுத் திருகாணி

மைனஸ் இருபத்தேழு டிகிரி.
குவோபியோவுக்கு இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர்.
பெட்ரோல் பங்க் காபிக்கடை வாசலில் நான்கு வேன்கள்,
நான்கு வேறு வேறு குழுக்கள்.
பாடகர்கள் உள்ளேயே தூங்குகிறார்கள்,
தொண்டையைத் தவிர வேறெதுவும் சுமக்காதவர்கள்.
விழித்திருக்கும் மேசையில் டிரம்மர்கள் மட்டும்.

யால்மரி எந்தக் கதையையும் நடுவில்தான் தொடங்குவான்.
"அதனால்தான் பெட்டியைத் திறக்க மாட்டேன் என்றேன்.
சிம்பல் குளிரில் விறைத்துக் கிடக்கிறது,
இப்போது அடித்தால் விரிசல் விடும்,
ஒரு மணி நேரம் அறையின் சூட்டைக் குடிக்கட்டும் என்றேன்.
கல்யாண வீடு. கேக் வெட்டியாயிற்று. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.
கடைசியில் மாப்பிள்ளை வந்தான்,
தன் கோட்டைக் கழற்றிப்
பெட்டிமேல் போர்த்திவிட்டுப் போனான்."

ஓர்வொக்கி சிரிக்கவில்லை,
சர்க்கரைப் பொட்டலத்தை நான்காய் மடித்துக்கொண்டிருந்தாள்.
முப்பத்தெட்டு வருடமாக ஏரிக்கரை நடனக் கொட்டகைகள்,
டேங்கோ, வால்ட்ஸ், ஹும்ப்பா.
"ஆகஸ்டில் ஒருமுறை கரண்ட் போனது" என்றாள்.
கிதார் செத்தது, கீபோர்டு செத்தது,
அக்கார்டியன்காரன் புகைக்கப் போனவன் திரும்பவில்லை.
மூன்று எண்ணிக்கை மட்டும் மிச்சம்.
பதினோரு நிமிடம்
இருட்டுக்குள் தனியாக வால்ட்ஸ் வாசித்தாளாம்.
ஒரு ஜோடியும் நிற்கவில்லை.
செருப்புகள் பலகையில் உரசுவது மட்டும் கேட்டதாம்.
"விளக்கு வந்தபோது
ஜோடிகள் மாறியிருந்தன."

என் முறை.
ஹெல்சிங்கியில் இரண்டு நாள் ரெக்கார்டிங்.
ஸ்னேருக்கு மட்டும் அரை நாள்,
பர்ஸைக்கூடத் தோலின்மேல் ஒட்டிப் பார்த்தோம்.
பிறகு என் ஒவ்வோர் அடியையும் அழித்துவிட்டு
கம்ப்யூட்டரிலிருந்த யாருடைய அடியையோ வைத்தார்கள்.
சூப்பர் மார்க்கெட்டில், உறைந்த மீன்களுக்கு முன்னால்,
அந்தப் பாட்டைக் கேட்டேன்.
இரண்டாம் சரணத்தில் பாடகி மூச்செடுக்கும் இடத்தில்
ஒரு சின்னக் கீச்சு.
என் பெடல்.
அதை மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தார்கள்.
அன்றிலிருந்து அதற்கு
எண்ணெய் விடுவதில்லை.

டௌகோவுக்கு இருபத்திரண்டு வயது, மெட்டல் வாசிப்பவன்,
நிமிடத்துக்கு இருநூற்றிருபது ஓடும் கால்கள்
மேசைக்கடியில் சும்மா இருந்தன.
திடீரென்று கேட்டான்:
"உங்களுக்கும் வருமா, அந்தச் சத்தம்? படுத்தபிறகு?"

ஃபிரிட்ஜ் மட்டும் பேசியது கொஞ்ச நேரம்.

"எனக்கு இடது காதில், கெட்டில் மாதிரி" என்றான் யால்மரி.
எனக்கு, தூரத்தில் யாரோ மரம் அறுப்பது.
ஓர்வொக்கி தன்னுடையதை முனகிக் காட்டினாள்.
நாங்களும் ஆளுக்கொன்றாய் முனகினோம்.
நான்கும் சேரவில்லை. சுருதி எங்களுக்கு எதற்கு?
கல்லாவிலிருந்த பெண்
ஏதோ மெஷின் கெட்டுவிட்டதென்று எட்டிப் பார்த்தாள்.

இன்று சிம்பலை டேப்பால் கட்டித்தான் வாசித்தேன் என்றான் பையன்.
விங் நட் தொலைந்துவிட்டது.
அதற்கென்ன, உலகத்து மேடைகளுக்கு அடியிலெல்லாம்
அவைதானே முட்டையிட்டுக் கிடக்கின்றன.
ஓர்வொக்கி கோட்டுப்பையைக் கவிழ்த்தாள்:
சாவி, இருமல் மிட்டாய், மூன்று விங் நட்.
ஒன்றில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு.

அது என்னுடையது.
ஆறு வருடம் முன்பு செய்நயோக்கியில் தொலைத்தது,
என் மனைவி வைத்த அடையாளம், அவள் மனைவியாக இருந்தபோது.
வாயைத் திறந்தேன்.
அதற்குள் டௌகோ அதைத்தான் எடுத்து
விரலால் ஒருமுறை சுழற்றிப் பார்த்துப்
பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.
நான் காபியைக் குடித்தேன். ஆறியிருந்தது.

வெளியே அவர்களுடைய இரண்டு வேன்கள்
சாலைக்குத் திரும்பக் காத்திருந்தன,
இரண்டின் இண்டிகேட்டரும் வேறு வேறு வேகத்தில்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.
விலகின, நெருங்கின,
கிட்டத்தட்ட, இன்னும் இல்லை,
இன்னும் இல்லை,
இதோ.

பிறகு லாரி ஒன்று குறுக்கே வந்தது.